நான்கு சக்கரங்களின் கதை – 17: கையை உதறிய ஸ்டியரிங்

சென்ற இதழில், 1920களின் தொடக்கத்தில் மோட்டார் காருக்கு வந்து சேர்ந்த இரண்டு வரங்களைப் பார்த்தோம். ஒன்று, முன் சக்கரங்களிலும் பிரேக். மற்றொன்று, பலூன் டயர். பிரான்சில் 1919இல் வெளிவந்த ஹிஸ்பானோ-சூயிசா எச்6 நான்கு சக்கர பிரேக்கின் பெருமையை ஊரறியச் செய்தது. சில ஆண்டுகளிலேயே நடுத்தர விலைக் கார்களுக்கும் அது இறங்கி வந்தது. 1923இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோனும் பிரான்சில் மிஷெலினும் அகலமான, மெல்லிய சுவருள்ள, குறைந்த காற்றில் ஓடும் டயர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அதுவரை சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவில் காற்றடித்து ஓட்டிய இடத்தில் 30 பவுண்டு அளவே போதும் என்றானது. பயணம் மெத்தென்றானது. கார் வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை. இரண்டு வரங்களும் சேர்ந்து ஒரு நோயைக் கொண்டுவந்திருந்தன. அமெரிக்கர்கள் அதற்கு ஷிம்மி என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே உலகெங்கும் நிலைத்தது. பத்து ஆண்டுகள் மோட்டார் உலகைத் தூங்கவிடாமல் செய்த நோய் அது. அதற்கு மருந்து தேடிப் போனவர்கள்தான் இன்று நாம் ஓட்டும் கார்களின் முன்பகுதியை வடிவமைத்தார்கள். இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

ஒரே அச்சு, இரண்டு சக்கரம்

முதலில் அந்தக் காலத்துக் காரின் முன்பகுதியைப் பார்த்துவிடுவோம். வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் இணைத்து ஒரே இரும்பு அச்சு குறுக்கே கிடக்கும். அதன் இரு முனைகளிலும் செங்குத்தாக ஒவ்வொரு கிங் பின். அந்தப் பின்னைச் சுற்றி ஸ்டப் ஆக்சில் திரும்பும். அதில்தான் சக்கரம் மாட்டியிருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்பதால் நடுவே ஒரு டை ராட். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ஒரு சக்கரத்தின் கைக்கு வரும் கம்பி டிராக் லிங்க். அச்சின் மேல் கமான் பட்டைகள், அவற்றின் மேல் சேஸிஸ்.

இந்த அமைப்பின் வேர் குதிரை வண்டியில் இருக்கிறது. மியூனிக் நகரத்தில் வண்டி கட்டிய கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர், முன் அச்சு முழுவதையும் நடு ஆணியில் திருப்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் அதனதன் ஆணியில் திருப்பும் வழியைக் கண்டார். 1818இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை எடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன்; அதனால்தான் இன்றும் அது ஆக்கர்மன் பெயரில் வழங்குகிறது. கார்ல் பென்ஸ் 1886இல் மூன்று சக்கர வண்டி செய்ததற்கு ஒரு காரணம், நான்கு சக்கர வண்டியைத் திருப்பும் முறை அவருக்குத் திருப்தி தராததே. 1893இல்தான் அவர் தமக்கான அச்சு ஆணி ஸ்டியரிங்குக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆரம்பக் கார்களில் வட்ட ஸ்டியரிங்கே கிடையாது. படகின் சுக்கான் பிடிபோல ஒரு கைப்பிடிதான். சக்கரம் கல்லில் மோதினால் அந்த உதை நேராகக் கைக்கு வந்துவிடும். 1894 பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் தமது பனார் காரில் வட்ட ஸ்டியரிங் பொருத்தி ஓட்டினார். சில ஆண்டுகளில் கைப்பிடி மறைந்தது. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே பற்சக்கரம் வந்ததும் உதை குறைந்தது. ஆனால் உதை பிறக்கும் இடம் அப்படியேதான் இருந்தது.

ஃபோர்டு டி மாடலின் பாடம்

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு டி மாடல், ஸ்டியரிங் ஆட்டத்தை உலகத்து மெக்கானிக்குகளுக்கெல்லாம் பழக்கிவிட்ட கார். அதன் பற்சக்கரப் பெட்டி ஸ்டியரிங் வீலுக்கு நேர் கீழே, ஓட்டுநரின் கையருகே இருக்கும். நீண்ட காலம் அதன் விகிதம் 4க்கு 1தான். வீலைக் கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் சட்டெனத் திரும்பும். சக்கரம் உதைத்தாலும் கையில் சட்டெனத் தெரியும்.

அந்தக் காரின் முன் அச்சு சற்றே பின்னுக்குச் சாய்ந்திருக்கும். சுமார் ஐந்தரை டிகிரி. இதைக் காஸ்டர் என்பார்கள். கிங் பின்னின் தலை பின்னால் சாய்ந்திருந்தால், பின் வழியாகக் கோடு இழுத்தால் அது தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் இருக்கும். அதனால் ஓடும் சக்கரம் தானாக நேராகிக்கொள்ளும். டி மாடலில் இந்தச் சாய்வைக் காப்பாற்றுவது, அச்சிலிருந்து வி வடிவில் பின்னோக்கி வந்து எஞ்சினுக்கு அடியில் ஒரு குண்டு மூட்டில் முடியும் கம்பி. அந்தக் கம்பி வளைந்தாலோ, குண்டு மூட்டின் மூடி தேய்ந்தாலோ, அச்சு முன்னும் பின்னும் அசையும். காஸ்டர் ஓடும் போதே மாறும். சக்கரம் அலையத் தொடங்கும்.

ஆகவே டி மாடல் ஆடினால் தேர்ந்த மெக்கானிக் முதலில் காருக்கு அடியில் படுத்து அந்தக் குண்டு மூட்டை அசைத்துப் பார்ப்பார். மூடி தேய்ந்திருந்தால் அதன் விளிம்பை அரத்தால் ராவி, குண்டை இறுகக் கவ்வும்படி மாட்டுவார். பிறகு கிங் பின் புஷ்களைத் தட்டியெடுத்துப் புதிது போட்டு, பின்னுக்குச் சரியாக ரீமர் பிடிப்பார். டை ராட்டின் நீளத்தைச் சரிசெய்து, இரண்டு முன் சக்கரங்களும் பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில் கால் அங்குலத்துக்குள் நெருங்கி நிற்கும்படி வைப்பார். பெரும்பாலான டி மாடல்கள் இதிலேயே அடங்கிவிட்டன. மணிக்கு 50, 60 கிலோமீட்டர் ஓடும் லேசான கார். குறுகிய, கடினமான டயர். முன்னால் பிரேக் கிடையாது. நோய் வந்தாலும் அது தேய்மானத்தால் வந்த நோய். தேய்ந்ததை மாற்றினால் போய்விடும்.

இந்தப் பழக்கமே அடுத்த தலைமுறைப் பொறியாளர்களைச் சில காலம் தவறான திசையில் கொண்டுபோனது.

புதிய காரே ஆடியது

1925ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஷோரூமிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கும் தேய்மானமில்லை. நல்ல சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. ஒரு பக்கத்துச் சக்கரம் சின்னக் குழியில் இறங்கி ஏறுகிறது. அவ்வளவுதான். ஸ்டியரிங் வீல் இடமும் வலமுமாக உதறத் தொடங்குகிறது. ஒரு மட்கார்டு எழும்பும்போது மற்றது தாழ்கிறது. முன்விளக்குகள் நடுங்குகின்றன. ஓட்டுநர் பிடியை இறுக்குகிறார், நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், உடனே நிற்கவில்லை. தொடங்கிய வேகத்துக்கும் வெகு கீழே, ஏறக்குறைய நின்றுவிடும் நிலைக்கு வந்த பிறகுதான் அடங்குகிறது.

இந்தக் கடைசிக் குணம்தான் பொறியாளர்களை மிகவும் குழப்பியது. வெளியிலிருந்து வரும் அதிர்வு என்றால் குழியைக் கடந்ததும் நிற்க வேண்டும். இங்கோ குழி பின்னால் போய்விட்டது. ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

கவனித்துப் பார்த்தவர்கள் இரண்டு வகை ஆட்டத்தைப் பிரித்தறிந்தார்கள். நடுத்தர வேகத்தில் சக்கரங்கள் கிங் பின்னைச் சுற்றி இடவலமாக உதறுவது ஷிம்மி. அதிவேகத்தில் அச்சே வலமுனை மேலே, இடமுனை கீழே என மாறி மாறிக் குதிப்பது டிராம்ப். பல கார்களில் இரண்டும் கைகோத்தே வந்தன.

காரணம் இப்போது பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. பலூன் டயர் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் நெகிழும். அது கனமும் கூட. முன் பிரேக் வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தோடும் டிரம், ஷூ, தாங்கித் தட்டு எல்லாம் சேர்ந்துகொண்டன. நெகிழும் டயர்மேல் கனமான அச்சு. அதற்கென்று ஓர் இயல்பான குதிக்கும் கதி உண்டு. கனம் கூடி, டயர் மென்மையானதும் அந்தக் கதி குறைந்து, காரின் அன்றாட வேகத்தோடு பொருந்தும் இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 30 அங்குலக் குறுக்களவுள்ள டயர் ஒரு சுற்றில் சுமார் 2.4 மீட்டர் போகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் அது நொடிக்கு ஒன்பது முறைக்கு மேல் சுழலும். டயரின் ஓரத்தில் ஓரிடத்தில் வெறும் 60 கிராம் கனம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 8 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அச்சை இழுக்கும். நொடிக்கு ஒன்பது முறை, மேலும் கீழும் முன்னும் பின்னும். அச்சின் இயல்பான கதியும் நொடிக்கு ஒன்பது பத்து என்று இருந்துவிட்டால், ஒவ்வொரு இழுப்பும் முந்தைய குதிப்போடு சேர்ந்து வளரும்.

பட்டறையில் நடந்த வைத்தியம்

காரணம் தெரிவதற்கு முன்பே வைத்தியம் தொடங்கிவிட்டது. முதலில் பழி விழுந்தது ஸ்டியரிங் பாக்ஸ் மேல். கையில் தெரியும் ஆட்டம் கைக்கு அருகில் உள்ள பொருளில்தான் பிறக்கிறது என்று நினைப்பது இயல்பு. பாக்ஸை இறுக்கினார்கள். டிராக் லிங்கின் இரு முனைகளிலும் உள்ள ஸ்பிரிங் மூட்டுகளை இறுக்கினார்கள். ஆட்டம் சற்றுக் குறைந்தாற்போல் தெரியும், ஸ்டியரிங்கோ கல்லாகிவிடும். வளைவில் திருப்பிய வீல் தானாக நேருக்கு வராது. சில வாரங்களில் பாக்ஸின் பற்கள் தேய்ந்து, ஆட்டம் முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

அடுத்த வைத்தியம் டேம்பர், அதாவது அதிர்வுத் தணிப்பான். கமான் பட்டைக்குப் போடும் ஹார்ட்ஃபோர்டு வகை உராய்வுத் தட்டுகளையே டை ராட்டில் மாட்டினார்கள். அதுவும் நோயை அமுக்கியது, ஆற்றவில்லை. தட்டுகள் தேய்ந்த அன்று ஆட்டம் திரும்பியது.

அனுபவசாலி மெக்கானிக்குகள் பொறுமையாக வேறு வழியில் போனார்கள். அவர்கள் கண்டுபிடித்த வரிசை இன்றும் மாறவில்லை.

முதலில் காற்று. இரண்டு முன் டயர்களிலும் ஒரே அளவாக, சொன்ன அளவாக இருக்கிறதா? இரண்டு மூன்று பவுண்டு கூட்டினாலே பல கார்கள் அடங்கின.

பிறகு முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. ப்ளே, அதாவது தளர்வு, இருந்தால் அது சக்கர பியரிங்கிலா, கிங் பின்னிலா? ஓர் ஆளை பிரேக்கை மிதிக்கச் சொல்வார்கள். பிரேக் பிடித்ததும் சக்கரமும் ஸ்டப் ஆக்சிலும் ஒன்றாகிவிடும். அப்போது ப்ளே மறைந்தால் குற்றம் பியரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில். இவ்வளவு எளிய சோதனை, எத்தனையோ வீண் செலவைத் தடுத்தது.

அடுத்து, சக்கரத்தைச் சுழற்றி, அசையாமல் பிடித்த சாக்குக் கட்டியை டயரை ஒட்டிக் கொண்டுபோவார்கள். எங்கே கோடு விழுகிறதோ அங்கே சக்கரம் கோணல். பிறகு சக்கரத்தைத் தானாக ஓடி நிற்க விடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அங்கே கனம் கூடுதல். நேர் எதிரே ஈயம் கட்டிச் சமன் செய்வார்கள். எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நின்றால் சக்கரம் சமம். அதிக வேக டிராம்புக்கு இந்த ஈயத் துண்டே பாதி மருந்தாக இருந்தது.

அதன்பின் காஸ்டர். இங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. டி மாடல் காலத்திலிருந்து, சக்கரம் அலைந்தால் காஸ்டரைக் கூட்ட வேண்டும் என்பதே பாடம். பலூன் டயர் வந்த பிறகு கூட்டக் கூட்ட ஷிம்மி வலுத்தது. மென்மையான டயர் தரையில் நீளமாகப் படிவதால், தானாக நேராகும் குணம் டயரிலேயே வந்துவிட்டது. பழைய அளவு காஸ்டர் இப்போது மிகை. கமான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சாய்வைக் குறைத்தபோது பல கார்கள் ஆட்டத்தை விட்டன.

இன்னொரு குற்றம் வடிவமைப்பிலேயே இருந்தது. பெரும்பாலான கார்களில் கமான் பட்டையின் முன்முனை சேஸிஸில் நிலையாகப் பிணைந்திருக்கும். பின்முனை ஷேக்கிள் என்ற சிறு இணைப்பில் ஊசலாடும். அச்சு மேலே எழும்போது முன்முனையை மையமாகக் கொண்டு ஒரு வளைவில் போகும். டிராக் லிங்கோ பின்னாலிருக்கும் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வருவதால் பின்மையத்திலிருந்து எதிர் வளைவில் போகும். இரண்டு வளைவும் பிரியும் ஒவ்வொரு தருணத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஓட்டுநர் எதையும் செய்யாமலே ஸ்டியரிங் திரும்பும். சில நிறுவனங்கள் ஷேக்கிளை முன்முனைக்கு மாற்றி, பட்டையைப் பின்முனையில் நிலைநிறுத்தின. இரண்டு வளைவும் ஒத்துப்போயின, உதை குறைந்தது.

இத்தனை செய்தும் சில கார்கள் ஆடிக்கொண்டே இருந்தன. எல்லாப் பாகமும் புதிது, எல்லா அளவும் சரி, ஆனாலும் ஆட்டம். விடை பட்டறையில் கிடைக்கவில்லை. பாரிஸில் கிடைத்தது.

பம்பரத்தின் பிடிவாதம்

1925இல் புருலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஷிம்மியைப் பற்றிய ஆய்வில் ஓர் அடிப்படை உண்மையை எடுத்து வைத்தார். பக்கவாட்டு விசை பட்ட ரப்பர் டயர், தான் பார்க்கும் திசையிலேயே போவதில்லை. சற்றுக் கோணம் விலகிப் போகிறது. இன்று டயரைப் பற்றிப் படிக்கும் மாணவர் முதல் வகுப்பிலேயே கற்கும் பக்கச் சறுக்குக் கோணம் இப்படித்தான், ஸ்டியரிங் ஆட்டத்தைத் தேடிப் போன இடத்தில் வெளிப்பட்டது.

அவருக்குப் பின் வந்தவர் திமித்ரி சென்சோ தெ லவோ. இவரது வாழ்க்கையே ஒரு தனித் தொடருக்கு உரியது. ஸ்பெயினில் பிறந்த பிரெஞ்சுக்காரர், பிரேசிலில் வாழ்ந்தவர். 1910 ஜனவரியில் சாவோ பாவ்லோ அருகே ஒசாஸ்கோவில் தாமே கட்டிய விமானத்தில் பறந்தார். சுழலும் வார்ப்பச்சில் உருகிய இரும்பை ஊற்றிக் குடிநீர்க் குழாய் வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் அவரே. சுழலும் பொருள்களின் குணம் அவருக்குக் கைவந்த கலை. 1927இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் ஷிம்மியையும் டிராம்பையும் கணித வழியில் விளக்கினார்.

அவர் சொன்னதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொருவரை வேகமாகச் சுழற்றச் சொல்லுங்கள். இப்போது சக்கரத்தை ஒரு பக்கம் சாய்க்கப் பாருங்கள். அது சாய மறுத்து, இடமோ வலமோ திரும்பப் பார்க்கும். சாய்த்தால் திரும்புவதும், திருப்பினால் சாய்வதும் சுழலும் பம்பரத்தின் இயற்கை.

இதைக் காரின் முன் அச்சில் வைத்துப் பாருங்கள். வலது சக்கரம் மேட்டில் ஏறுகிறது. அச்சு ஒன்றே என்பதால் இரண்டு சக்கரமும் இடப்பக்கம் சாய்கின்றன. சுழலும் சக்கரம் இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கமே திரும்பும். அப்படித் திரும்பும்போது அது அச்சின் வலமுனையைக் கீழே அழுத்தி, இடமுனையைத் தூக்குகிறது. இப்போது சாய்வு வலப்பக்கம்; சக்கரங்கள் வலப்பக்கம் திரும்புகின்றன; மறுபடி வலமுனை எழுகிறது. குதிப்பு திருப்பத்தைப் பிறப்பிக்க, திருப்பம் குதிப்பைப் பிறப்பிக்க, வட்டம் மூடிக்கொள்கிறது. பக்கவாட்டில் நெகிழும் டயர் வழியாக, ஓடும் காரின் வேகத்திலிருந்தே இந்த ஆட்டத்துக்குத் தீனி கிடைக்கிறது. குழி பின்னால் போன பிறகும் ஆட்டம் நிற்காததன் ரகசியம் இதுதான்.

1931இல் பெர்லினில் பெக்கர், ஃப்ரோம், மாருன் மூவரும் இதையே ஒரு முழு நூலாக எழுதினார்கள். கார் ஸ்டியரிங்கின் அதிர்வுக்கென்றே ஒரு புத்தகம். அந்த நாளில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

தெ லவோவின் விளக்கத்திலிருந்து முடிவு தானாக வந்தது. வட்டத்தை எங்கே வெட்டுவது? சக்கரம் மேலே ஏறும்போது சாயாமல் இருந்தால் பம்பரம் திரும்பாது. ஒரு சக்கரம் ஏறுவது மற்றதைத் தொடாமல் இருந்தால் ஆட்டம் பரவாது. அதாவது இரண்டையும் இணைக்கும் அச்சே இருக்கக் கூடாது.

வழி ஏற்கனவே கண்முன் இருந்தது. 1898 டெக்கோவில் கார், அதற்குப் பின் இங்கிலாந்தின் மார்கன் மூன்று சக்கர வண்டி, 1922இல் வின்சென்சோ லான்சியாவின் லாம்ப்டா ஆகியவற்றில் ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனித் தூணில் மேலும் கீழும் சறுக்கியது. ஆனால் இவை தனி வழியில் போன சிலரின் கார்கள். லட்சக்கணக்கில் கார் செய்பவர்கள் அந்த வழிக்கு வரப் பயந்தார்கள்.

மாரிஸ் ஆலியின் சோதனை

அந்தப் பயத்தைப் போக்கியவர் மாரிஸ் ஆலி. பிரிட்டிஷ்காரர். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் நடத்திய தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1930 நவம்பரில் டெட்ராய்டில் காடிலாக் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அவர் முதலில் தேடியது ஷிம்மிக்கு மருந்து அல்ல, சுகமான பயணம். 1932இல் ஒரு பெரிய காடிலாக் காரில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி மாற்றக்கூடிய ஒரு சோதனை வண்டியைக் கட்டினார். எந்த எடைப் பங்கீட்டில், எந்த ஸ்பிரிங் மென்மையில் பயணிக்கு அலுப்பு குறைகிறது என்று ஆட்களை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். விடை தெளிவாக வந்தது: முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருக்க வேண்டும். அதுவரை எல்லாக் கார்களும் இதற்கு நேர் எதிராகவே செய்யப்பட்டிருந்தன.

ஆனால் கட்டை அச்சை வைத்துக்கொண்டு முன் கமான் பட்டையை மென்மையாக்கினால், அச்சைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பிரேக் அடித்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும், ஷிம்மி தலைவிரித்தாடும். சுகம் வேண்டுமென்றால் அச்சு போயே ஆக வேண்டும். சுகத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே மருந்து என்பது இப்படித்தான் தெரியவந்தது.

இரண்டு சோதனைக் கார்கள் தயாராயின. ஒன்றில் பிரெஞ்சு விமான வீரரும் பந்தய ஓட்டுநருமான ஆந்த்ரே துபோனே வடிவமைத்த முறை. சக்கரம் ஒரு கையில் தொங்கி, சாயாமலே மேலும் கீழும் போகும். மற்றொன்றில் மேலும் கீழும் இரண்டு வி வடிவக் கைகள், நடுவே காயில் ஸ்பிரிங். மேல்கை குட்டை, கீழ்க்கை நீளம். இரண்டும் சம நீளமாக இருந்தால் சக்கரம் ஏறும்போது டயர் தரையில் பக்கவாட்டில் தேயும். மேல்கையைக் குறைத்தால் தேய்வு போகும். சாய்வும் மிகச் சிறிதாகவே இருக்கும். டை ராட்டும் ஒரே கம்பியாக இருந்த நிலை மாறித் துண்டுகளானது.

1933 மார்ச்சில் காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்பக் குழு அந்தக் கார்களில் ஏறிப் பார்த்தது. ஒருமுறை ஏறியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விற்பனைத் தலைவர் ரிச்சர்டு கிராண்ட், காருக்குப் பதினைந்து டாலர் கூடினாலும் பரவாயில்லை, இது வேண்டும் என்றார். செவர்லே மலிவுக் கார் ஆயிற்றே, அதற்கு இது இப்போது வேண்டாம் என்ற யோசனை எழுந்தது. அத்தனை லட்சம் காயில் ஸ்பிரிங்குகளுக்கான கம்பியைச் சாணை பிடிக்கும் இயந்திரங்கள் அமெரிக்கா முழுவதும் சேர்த்தாலும் போதாது என்பது காரணம். செவர்லேயை வளர்த்தெடுத்த வில்லியம் நுட்சன் ஒத்துக்கொள்ளவில்லை. தம் காருக்கும் வேண்டும் என்று நின்றார். இயந்திரங்கள் செய்யப்பட்டன. 1934 மாடலில் காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் மூன்றும் இரட்டைக் கை முறையிலும், செவர்லேயும் பான்டியாக்கும் துபோனே முறையிலும் வந்தன. சாதாரண மக்கள் வாங்கும் காரிலிருந்து கட்டை அச்சு வெளியேறத் தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

துபோனே முறை நிலைக்கவில்லை. அதன் ஸ்பிரிங் எண்ணெய் நிறைந்த உறைக்குள் இருந்தது, எண்ணெய் கசிந்தது. 1939இல் செவர்லேயும் இரட்டைக் கைக்கு மாறிவிட்டது. ஆலி விட்டு வந்த ரோல்ஸ் ராய்ஸும் தனது ஃபாண்டம் 3 காருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் முறையையே தழுவியது. 

மாறாமல் நின்றவர்கள்

எல்லோரும் ஒரே நாளில் மாறவில்லை. பிளிமத் 1934இல் தனிச் சக்கர முறையைக் கொண்டுவந்து, செலவைப் பார்த்து 1935இலேயே கட்டை அச்சுக்குத் திரும்பி, 1939இல் மறுபடி மாறியது. ஹென்றி ஃபோர்டு தம் குறுக்குக் கமான் பட்டையையும் கட்டை அச்சையும் கடைசிவரை விடவில்லை. 1949 மாடலில், அவர் மறைந்த பிறகே ஃபோர்டு கார் மாறியது. இங்கிலாந்தில் 1930களின் நடுவில் ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி கார்களின் முன் பம்பர் முனைகளில் எடைக்கட்டிகளை வைத்து, அச்சின் குதிப்புக்கு எதிராக அவற்றை ஆடவிட்டு அதிர்வைத் தணித்தார்கள். அழகான யோசனை, ஆனால் அதுவும் நோயோடு வாழும் வழிதான்.

கட்டை அச்சு இன்றும் சாகவில்லை. நம் சாலைகளில் ஓடும் லாரிகளிலும் பெரும்பாலான பேருந்துகளிலும் பழைய ஜீப்புகளிலும் முன்னால் அதுதான் கிடக்கிறது. பாரம் தாங்க அதைவிட எளிய, உறுதியான அமைப்பு இல்லை என்பதால் நிலைத்திருக்கிறது. ஆகவே ஷிம்மியும் நம்மோடு இருக்கிறது. அதைத் தடுக்க இப்போது எண்ணெய் டேம்பர்களும், துல்லியமான பேலன்சிங் இயந்திரங்களும் உண்டு. அடிப்படை மாறவில்லை.

இந்த வரலாறு சொல்லும் தீர்ப்பு ஒன்றே. கையில் தெரியும் ஆட்டத்துக்குக் கைக்கு அருகிலிருக்கும் பெட்டியைக் குற்றம் சொன்ன காலமெல்லாம் வீணாயிற்று. சக்கரம், டயர், அச்சு, ஸ்பிரிங், ஸ்டியரிங் ஐந்தையும் ஒன்றாகப் பார்த்த அன்றுதான் தீர்வு பிறந்தது. கட்டை அச்சு வண்டி ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டியரிங் உதறினால் நேராக ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கச் சொல்லாதீர்கள். புது டேம்பர் மாட்டி மறைக்கவும் வேண்டாம். காற்று, பியரிங், கிங் பின், டை ராட் மூட்டு, அச்சைக் கமான் பட்டையோடு பிணைக்கும் யு போல்ட், சக்கரச் சமநிலை, காஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸைக் கடைசியில் தொடுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் மெக்கானிக்குகள் கையைச் சுட்டுக்கொண்டு கற்ற வரிசை அது. உங்கள் உயிரும் உங்கள் வண்டியில் ஏறியவர்களின் உயிரும் அதை நம்பியிருக்கின்றன.

(தொடரும்)